ஏழாம் பட்டி

ஜூலை 2

ஏழாம் பட்டிக்கு ஆள் வந்தாயிற்று. பெண் வெள்ளைக் காண்டாமிருகம், வடக்கே அனுப்பப் பிடித்தது. 1,600 கிலோ இருக்கும் என்கிறார்கள். இரவு 9 மணி. கை நடுங்குகிறது, குளிரா வேறெதுவுமா தெரியவில்லை.

ஜூலை 3

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போட்டது காலை 7:40. எட்டார்ஃபின், 4 மில்லிகிராமுக்கும் குறைவு. சிரிஞ்சில் அரை மில்லிகூட வராது. ஆனால் மனிதனுக்கு ஒரு சொட்டு போதும். அதனால் புட்டியைத் திறக்கும் முன்பே நமக்கான மாற்று மருந்தை ஒருவர் தயாராக வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தள்ளாட ஆரம்பித்தது. விழுந்த இடம்தான் மோசம். ஓடைச் சரிவு. இடது முன்னங்காலை மடித்துக்கொண்டு, அதன் மேலேயே விழுந்துவிட்டது.

என் வேலை மூச்சு எண்ணுவதும் நேரம் சொல்வதும். அவ்வளவுதான். கண்ணைக் கட்டினார்கள், காதில் பஞ்சு அடைத்த காலுறையைத் திணித்தார்கள், மூச்சு அடங்கிவிடாமலிருக்கக் காது நரம்பில் பியூட்டார்ஃபனால் ஏற்றினார்கள். நிமிடத்துக்கு நான்கு மூச்சு. மூக்குத் துவாரத்துக்கு எதிரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுவென்று ஒன்று வரும். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. அதிலேயே கவனமாக இருந்து கடிகாரத்தை விட்டுவிட்டேன். "கால்! கால்!" என்று யாரோ கத்திய பிறகுதான் எட்டுப் பேர் சேர்ந்து புரட்டினார்கள். 22 நிமிடம். அத்தனை எடையும் அந்த ஒரு காலில்.

கொம்பை ரம்பத்தால் அறுத்தபோது வந்த தீய்ந்த நக வாசனை சட்டையில் இன்னும் இருக்கிறது. மயக்கத்தைப் பாதி தெளியவைத்து, முன்னால் கயிறு, பின்னால் கயிறு என்று நடத்தியே பெட்டிக்குள் ஏற்றினோம். நொண்டியதா? நொண்டவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஜூலை 4

தின்னவில்லை.

ஜூலை 5

மாலையில் 25 கிலோ உலர்புல் வைத்தேன். காலையில் நிறுத்தால் 25.3. முந்நூறு கிராம் பனி.

யானை போட்டால் லத்தி, மாடு போட்டால் சாணி. காண்டாமிருகம் போட்டால் என்ன என்று நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. சாணி என்றே எழுதுகிறேன். ஏழாம் பட்டி: 4 கிலோ. எல்லாம் காட்டில் தின்றது.

ஜூலை 6

இடது முன்னங்காலைக் கொஞ்சம் இழுக்கிறது. பெரிய டாக்டர் தைலமரக் கம்பங்களின் இடுக்கு வழியாகப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "முதல் வாரம் எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார். மற்ற ஐந்தும் அப்படி இல்லை. அவரிடம் 22 நிமிடம் என்று சொன்னேன். குறிப்பேட்டில் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம்.

ஜூலை 8

இன்று தண்ணீர்த் தொட்டியை நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை. பட்டியில் கூட இருக்கும் பெரியவர் பாபா பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. 2018 ஜூலையில் கென்யாவில் நைரோபியிலிருந்தும் நகுருவிலிருந்தும் 11 கறுப்புக் காண்டாமிருகங்களை சாவோ கிழக்குப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிடித்தது, ஏற்றியது, இறக்கியது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அங்கே தண்ணீர் உப்பு. தாகம் எடுக்க எடுக்க அதையே குடித்து, 10 செத்தன. மிஞ்சிய ஒன்றையும் சிங்கம் தாக்கி, அதுவும் பிழைக்கவில்லை. அதே வருடம் இங்கே தென்னாப்பிரிக்காவிலிருந்து சாட் நாட்டு ஸகோமாவுக்குப் போனவை ஆறு. அதில் நான்கு போயின. உடம்பில் கொழுப்பே இல்லை, புது ஊர்த் தீனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

எல்லோரும் வீடியோவில் பார்ப்பது ஹெலிகாப்டரை. கிரேனில் தொங்கும் பெட்டியை. 2021 நவம்பரில் 30 வெள்ளைக் காண்டாமிருகங்களை ஒரே விமானத்தில் ருவாண்டாவின் அககேராவுக்குக் கொண்டுபோனார்கள், 3,400 கிலோமீட்டர். என் தம்பி அந்தப் படத்தைத்தான் இன்னும் வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறான். இந்த வேலை அது இல்லை. ஒரு ஜீவன் வாயைத் திறந்து புல்லைக் கடிக்கிறதா என்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. வெள்ளைக்கு இது இன்னும் கஷ்டம். கறுப்பு ஆர்ப்பாட்டம் செய்யும், கம்பத்தை முட்டும், இரண்டு நாளில் தின்ன ஆரம்பித்துவிடும். வெள்ளை சத்தமே போடாது. மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும்.

சாணி 1.5 கிலோ.

ஜூலை 9

அம்மா போன். சாப்பிட்டியா என்றாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய ஒரு விநாடி ஆனது.

ஜூலை 10

ஐந்தாம் பட்டியில் குதிரைமசால் ஒரு கட்டு முழுக்கக் காலி! மூன்றாம் பட்டி நேற்றே தொடங்கியாயிற்று. சந்தோஷப்பட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸான செய்தி போல இருக்கிறது.

ஜூலை 11

பிடித்த இடத்துக்குப் போய் அதன் பழைய சாணியை இரண்டு மூட்டை அள்ளி வந்து பட்டிக்குள் கொட்டினோம். வெகுநேரம் முகர்ந்துகொண்டு நின்றது. அவ்வளவுதான். ஓடைச் சரிவில் விழுந்த தடம் அப்படியே இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடமும்.

ஜூலை 12

பௌர்ணமி நெருங்குகிறது. காவலுக்கு இரண்டு பேர் கூடுதல். கொம்பை அறுத்தாயிற்றே, இனி யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். வேரில் மிஞ்சியிருக்கும் நாலு விரல் உயரத்துக்கும் வருவார்கள் என்றார் பாபா.

இவர் அப்பாவும் இதே இம்ஃபொலோசிக் காட்டில் காண்டாமிருகத்துக்குக் கயிறு இழுத்தவராம், 1960களில். வன அதிகாரி இயன் பிளேயரின் ஆட்கள் எட்டார்ஃபினைப் பழகிக்கொண்டிருந்த காலம். அதற்கு அறுபது எழுபது வருடம் முன்னால் தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் என்று மிஞ்சியிருந்தவை நூறுகூட இல்லை, அவையும் இந்தப் பக்கத்தில்தான். இன்று எங்கே இருந்தாலும் அவற்றின் வம்சம்தான். "அப்பா காலத்தில் யாரும் மூச்சு எண்ணவில்லை, டோக்கோடேலா (ஜூலுவில் டாக்டர்). விழுந்தால் விழுந்ததுதான்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா தெரியவில்லை.

ஜூலை 13

சாணி இல்லை. விலா எலும்பு தெரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று வரை எண்ண முடிகிறது.

மூன்று நாள் தாங்கும் அமைதி மருந்து இன்னொரு தவணை போட்டாயிற்று. இரவில் பாபா கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து அதனிடம் பேசுகிறார், மனிதக் குரல் பழகட்டும் என்று. அவர் தூங்கப் போன பிறகு நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? "தின்னு தாயி" என்றேன். ஊரில் கறவை மாட்டிடம் சொல்வது போல. காதைத் திருப்பியது. இடது காதை மட்டும்.

ஜூலை 14

பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். 16 காலை வரை பார்ப்பது. இல்லையென்றால் வடக்கே போகும் லாரியில் அதற்கு இடமில்லை. பிடித்த இடத்திலேயே திறந்துவிடுவது.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் திறந்துவிடவும் மறுபடி மயக்க ஊசி போட்டுத்தான் பெட்டியில் ஏற்ற வேண்டும். பட்டினி கிடந்த உடம்பு. அதே கால்.

மூச்சு எண்ணப்போவது யார் என்று கேட்டேன்.

"நீதான். வேறு யார்?"

ஜூலை 15

கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டேன். பழையதில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 16

அதிகாலை 4:50. இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டியோரம் புல் கட்டு கலைந்திருக்கிறது. கொஞ்சம் வெளியே இறைந்து கிடக்கிறது. மிதித்ததாகவும் இருக்கலாம். தராசைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பனியைக் கழிக்க வேண்டும்.