ஒரு சர்ஜன், இரண்டு தியேட்டர்

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒப்புதல் படிவம் ஃபோனில் வந்தது. என் கணவருக்குக் கீழ்முதுகில் இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைக்க வேண்டும். நியூ ஜெர்சியில், மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரி. அவர் படிக்காமலே விரலால் கையெழுத்துப் போடப் போனார். பிடுங்கிப் படித்தேன். ரத்தம் ஏற்றுவது, படம் எடுப்பது எல்லாம் தாண்டி ஒரு வரி: உங்கள் சர்ஜன் அதே நேரத்தில் வேறொரு ஆபரேஷனின் ஒரு பகுதியிலும் ஈடுபட்டிருக்கலாம்.

எனக்கு 2015 ஞாபகம் வந்தது. மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஒரே சர்ஜன் இரண்டு தியேட்டரைப் பார்த்துக்கொள்வது பற்றி பாஸ்டன் குளோப் நாளிதழ் அப்போது விரிவாகத் துருவி எழுதியது. அடுத்த வருஷம் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்ற சர்ஜன்களின் சங்கம் தன் நெறிமுறையைத் திருத்தியது. இரண்டு ஆபரேஷனின் முக்கியக் கட்டங்களும் ஒரே நேரத்தில் வரக்கூடாது. ஒன்றில் தையல் போடும்போது அடுத்ததில் இறங்கலாம், ஆனால் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். சரி, எங்களுக்கும் சொல்லித்தான் இருக்கிறார்கள், அந்த ஒரு வரியில்.

ஃபோன் போட்டால், எல்லோருக்கும் அதே படிவம்தான் என்றார் நர்ஸ். விடாமல் கேட்டதில் மறுநாள் சாயங்காலம் சர்ஜனே கூப்பிட்டார். திறப்பதும் மூடுவதும் அவரிடம் பயிற்சியில் இருக்கும் டாக்டர். நரம்பை விடுவிப்பதும் ஸ்க்ரூ போடுவதும் சர்ஜன்.

“நீங்கள் வெளியே இருக்கும்போது அவசரம் வந்தால்?”

இன்னொரு சர்ஜனின் பெயரைச் சொன்னார்.

“முக்கியக் கட்டம் எது என்று யார் முடிவு செய்வது?”

“நான்தான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் சம்மதித்தோம். 2019-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில், இப்படி ஒரே சர்ஜன் இரண்டைப் பார்த்துக்கொள்வதை மற்ற ஆபரேஷன்களோடு ஒப்பிட்டு, 66,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசிய ஓர் ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இறப்பிலோ சிக்கல்களிலோ பெரிய வித்தியாசம் இல்லை; ஆனால் ஏற்கெனவே உடல்நிலை மோசமானவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. இவருக்குச் சர்க்கரைகூடக் கிடையாது.

அன்று காலை சர்ஜன் வந்து ஊதா மார்க்கரால் முதுகில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுவிட்டுப் போனார். காத்திருக்கும் அறையின் திரையில் எங்கள் எண் 9:10-க்குத் ‘தியேட்டருக்குள்’ என்று மாறியது. ‘ஆபரேஷன் ஆரம்பம்’ என்று வந்தபோது 10:40. குப்புறப் படுக்கவைத்து நரம்பைக் கண்காணிக்கும் வயர்களைப் பொருத்த நேரம் பிடிக்கும், தெரியும். அதற்காக ஒன்றரை மணி நேரமா? எலுமிச்சை சாத டப்பாவை நான் திறக்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் ஆபரேஷன் குறிப்பை இணையத்தில் எடுத்துப் படித்தேன். கடைசியில், ‘முக்கியமான கட்டங்களில் நான் உடனிருந்தேன், மற்ற நேரம் உடனே வரக்கூடிய நிலையில் இருந்தேன்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது மாதிரி ஒரு வாக்கியம். எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார், ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தையலைக் காட்டப் போனபோது சர்ஜனிடம் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். முந்தைய கேஸ் இழுத்துவிட்டது, இவர் மயக்கத்தில் காத்திருந்தார் என்று ஒளிக்காமல் சொன்னார்.

“எவ்வளவு நேரம்?”

“நாற்பது நிமிஷம் இருக்கும்.”

என் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே, “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார்.