றங்குப்பெட்டிக் கணக்கு

2025 பெப்ரவரி 3, திங்கள். தர்மபுரம், கிளிநொச்சி மாவட்டம்

கரண்ட் பில் வந்தது. 74 யூனிற். ஜனவரி 17இலிருந்து கட்டணம் சராசரியாக 20 வீதம் குறைஞ்சிருக்கு என்று செய்தியில் கேட்டதிலிருந்து இந்தத் துண்டுக்காகத்தான் காத்திருந்தேன். குறைஞ்சதுதான். ஆனால் நாங்கள் 60ஐத் தாண்டின ஆக்கள். மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை, இரண்டும் மலிவு. 61ஆவது யூனிற் ஓடினால் அந்த மலிவு முழுக்கப் போய்விடும், முதலாவது யூனிற்றிலிருந்தே கூடின விலை. நிலைக்கட்டணமும் ஏறும். எங்களுடைய கடைசி 14 யூனிற், முன்னுக்குப் போன 60ஐயும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கு.

மூத்தவளுக்கு இந்த வருசம் ஏ.எல். சோதனை. கிளிநொச்சிக்கு ரியூசன், பஸ் காசு. அறுவடை முடிஞ்சால் அடுத்த உழவுவரை இவருக்கு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஓட்டம் குறைவு. என்னுடைய தையல் காசில் வீடு ஓடவேண்டிய மாதங்கள் வருகுது. சின்னவன் அரைவாசி எழுதிப்போட்டு விட்ட சீ.ஆர். கொப்பியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி: சாப்பாட்டுக் கோப்பையில் கைவைக்கிறதில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

எழுதி மூன்று நாள் ஆகவில்லை, சீனியில் கைவைத்துவிட்டேன். மாமிக்கு, இவருடைய அம்மாவுக்கு, ஒரு நாளைக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி. இன்றைக்கு ஒன்றரை போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிப் பக்கம் போன நேரம் பார்த்தால் வாழையடியில் தேத்தண்ணி ஊற்றின ஈரம். அரைக் கரண்டி சீனி மிச்சம், ஒரு கோப்பை தேத்தண்ணி நட்டம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு முழுக்கத் தண்ணி மோட்டருக்குப் பின்னால்.

காலையில் தாங்கி நிரம்ப எத்தனை நிமிசம் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 40 நிமிசம். பின்னேரமும் 40. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிற். ஆக, ஒரு நாளைக்கு ஒரு யூனிற் தண்ணிக்கே போகுது. மாதம் 30! நான் இவ்வளவு நாளும் பிள்ளைகளைத்தான் லைற்றை நிற்பாட்டு, லைற்றை நிற்பாட்டு என்று கத்திக்கொண்டிருந்தேன். 9 வாற்ஸ் எல்ஈடி பல்ப் ஒரு யூனிற் எடுக்க நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரியவேணும்.

"வாங்கின புதுசில இருபது, இருபத்தைஞ்சு நிமிசத்தில நிரம்பினது" என்றார் இவர். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணி குறையவில்லை. மோட்டருக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டார். உறிஞ்சுகிற குழாய் மூட்டில் மெல்லிய விசில் சத்தம். காற்று இழுக்குது. தண்ணி வெளியில் சொட்டாதபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை. சவர்க்காரத் தண்ணியை அந்த மூட்டில் பூசினார், நுரை உள்ளுக்குப் போச்சுது. பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாட்டில் வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினார். பின்னேரம் 26 நிமிசத்தில் தாங்கி வழிஞ்சது.

செலவு: கிளிப் ஒன்று. ரியூப் மாட்டுக்கொட்டிலில் தொங்கினது.

பெப்ரவரி 16, ஞாயிறு

நெல்லு வீட்டுக்கு வந்தாச்சு. அரசாங்கம் 5ஆம் திகதி விலை சொன்னது: கிலோ நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132. வாசலுக்கு வருகிற வியாபாரி ஈரப்பதம் என்று ஒரு கதை, பதர் என்று ஒரு கதை சொல்லி அதற்குள் வெட்டுவான். எல்லாத்தையும் காய வைத்துக் கொடுக்க எங்களிடம் இடமுமில்லை, பொறுமையுமில்லை.

சாப்பாட்டுக்கு 12 மூட்டை எடுத்து வைத்தோம். ஐந்து பேருக்கு வருசத்துக்கு ஏறக்குறைய 500 கிலோ அரிசி வேணும். நூறு கிலோ நெல்லைக் குத்தினால் அறுபத்தைந்து அரிசி மட்டில் தேறும். கணக்குச் சரியாக வருகுது. ஊறவைச்சு, அவிச்சு, பாயில் காயவைச்சு மில்லுக்குக் கொண்டுபோக உடம்பு முறியும், ஆனால் தவிடு கோழிக்கு வந்து சேரும். கடை அரிசிக்குத் தவிடு தருவினமோ?

மற்ற நெல்லுக் காசில் செய்த வேலையைத்தான் இந்தக் கொப்பியில் தடிச்ச எழுத்தில் எழுதவேணும். கிழமைக் கடனை முடித்தேன். போன வருசம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசினுக்காக 60,000 எடுத்தது. கிழமைக்கு 1,500 படி 52 கிழமை. மொத்தம் 78,000. வட்டி 18,000 தானே, 30 வீதம் என்று அப்போது மனதைத் தேற்றினேன். இப்போது கொப்பியோடு இருந்து பார்க்கத்தான் விளங்குது: முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சராசரியாக என் கையில் இருந்தது 30,000 மட்டில்தான். அதற்கு 18,000 வட்டி என்றால் 60 வீதத்துக்குக் கிட்ட. சீனிக் கரண்டியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் நான்!

கடைசி ஏழு கிழமைக் காசை ஒன்றாகக் கொடுத்தபோது, கடன் காசு வாங்க வந்த பிள்ளைக்கு முகம் மாறிப்போச்சு. "அக்கா, புதுசா ஒண்டு எடுங்கோவன், கூடத் தரலாம்." அவளுக்கும் மாத இலக்கு இருக்கும், பாவம். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன், இரண்டு கரண்டி சீனியோடு.

பெப்ரவரி 23, ஞாயிறு

தேங்காய் ஒன்று 200ஐத் தொட்டுக்கொண்டு நிற்குது. கிழமைக்கு ஒன்பது உடைத்துக்கொண்டிருந்த வீடு. இப்போது ஆறு. ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் காலைச் சம்பலில் நான் கைவைக்கவில்லை. மத்தியானம் இரண்டு பால்கறி வைக்கிற பழக்கத்தை விட்டேன். ஒன்றுக்குத்தான் பால், மற்றது பிரட்டல் அல்லது சுண்டல். முதற்பால் கறிக்கு, இரண்டாம் மூன்றாம் பால் சொதிக்கு. பிழிஞ்ச பூவை மாமி எறியவிடமாட்டா. தணல் அடுப்பில் செத்தல், கறிவேப்பிலை, உள்ளியோடு வறுத்து இடிச்சு ஒரு பொடி செய்து வைக்கிறா. சின்னவன் பாணுக்கு அதைத்தான் கேட்கிறான். பாதித் தேங்காய் வைப்பதென்றால் கண் இல்லாத பாதியை வைக்கவேணும், கண் உள்ள பக்கம் கெதியாகப் பழுதாகும். இதுவும் மாமி சொல்லித்தான்.

காஸ் காலைத் தேத்தண்ணிக்கும் மழை நாளுக்கும் மட்டும். சோறும் கறியும் விறகில். 2022இல் சிலிண்டர் ஐயாயிரத்தைத் தொடப் பார்த்து, பிறகு காசுக்கும் கிடைக்காமல் போன நேரம் பட்டணத்து ஆக்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். எங்களுக்கு அடுப்பு அணையவே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு மனம்.

மாதக் கணக்கில் 1,000, 1,500 என்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. சாமான் துண்டோடு ஒத்துப் பார்த்தால் சவர்க்காரமும் சீனியும் நெருப்புப் பெட்டியும் வாங்கின அளவுக்கு வீட்டில் இல்லை. சின்னவனில் சந்தேகப்பட்டேன். மாமியின் அறையைக் கூட்டுகிற நேரம் றங்குப்பெட்டியின் மூடி சரியாகப் பூட்டுப்படாமல் நின்றது. திறந்தேன்.

மேலே அவவுடைய கூறைச்சேலை. அதன் கீழ் சன்லைட் சவர்க்காரம், கடதாசியோடும் கடதாசியில்லாமலும், எண்ணினேன், 23. நெருப்புப்பெட்டி இரண்டு பக்கற். மெழுகுதிரி. பொலித்தீன் பையில் மூன்று கிலோ சீனி, ஈரம் பிடித்துக் கல்லாகிவிட்டது. எல்லாத்துக்கும் அடியில், துணியில் சுற்றி, ஒரு ஜாம் போத்தல். மூடியில் ஓட்டை. திரி இல்லை.

பின்னால் மாமி நின்றா. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "மாமி, இஞ்சை நான் ஒவ்வொரு ரூபாயா எண்ணுறன், நீங்கள் காசைப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறியளே. கடை றோட்டுக்கு அங்காலதானே கிடக்கு."

"கடை அண்டைக்கும் றோட்டுக்கு அங்காலதான் கிடந்தது" என்றா. பிறகு கொஞ்சம் பொறுத்து, "உனக்கு நான் சொல்லித் தரவேணுமே, பிள்ளை?"

வேண்டாம்தான். நானும் இந்த மண்ணில் தானே வளர்ந்தேன். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அந்தப் போத்தல் விளக்கில்தான் நான் படித்தேன். அடியில் கொஞ்சம் பஞ்சு, ஒரு விரற்கடை மண்ணெண்ணெய். மூக்குத் துவாரம் கறுத்துப்போய்த்தான் பள்ளிக்கூடம் போவோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்திருக்கிறோம், மாடு கொடியில் வந்து சட்டையை நக்கும். அம்மா ஒரு தோடம்பழ இனிப்பைக் கொடுப்புக்குள் வைத்துக்கொண்டு முழுக் கோப்பை வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு, மிச்ச இனிப்பை எடுத்துக் கடதாசியில் சுற்றி வைத்ததைக் கண்டிருக்கிறேன். 2002இல் ஏ9 றோட்டுத் திறந்த பிறகுதான் சீனி போட்ட தேத்தண்ணியை நினைத்த நேரம் குடித்தோம். 2009இல் திரும்பவும் எல்லாம் போனது. அதை இந்தக் கொப்பியில் எழுதப்போவதில்லை.

வாழையடியில் ஊற்றின தேத்தண்ணி இப்போதுதான் எனக்கு விளங்கினது. நான் குறைத்தது அரைக் கரண்டி. அவவுக்கு அது வேறு கணக்கு.

மார்ச் 3, திங்கள்

ஒரு ஒப்பந்தம். பெட்டி இருக்கட்டும். கொப்பியில் அதற்குத் தனிப் பக்கம். புதுச் சவர்க்காரம் பெட்டிக்குப் போகும், பழையது கிணற்றடிக்கு வரும். சவர்க்காரம் காயக் காய இறுகும், இறுகினது தண்ணியில் கெதியாகக் கரையாது. நேற்று எடுத்த பழைய கட்டியைத் தேய்த்துப் பார்த்தேன், கல்லு மாதிரி. அந்தளவில் மாமியின் பெட்டி எனக்கு இலாபம்தான், சொல்லவில்லை. சீனி மட்டும் பெட்டிக்குள் போகக்கூடாது, மூடி இறுகின போத்தலில் குசினித் தட்டில், எந்த நேரமும் நிரம்பி, அவவின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கல்லாகினதை உடைத்துப் பாகு காய்ச்சி எள்ளுருண்டை பிடித்தா.

தேத்தண்ணிக்குத் திரும்ப இரண்டு கரண்டி.

மார்ச் 5, புதன்

பில்: 63. மூன்று யூனிற்றால் போச்சுது! மோட்டரில் மிச்சம் பிடித்ததை நான் அயன் பெட்டியில் விட்டிருக்கிறேன். 1,000 வாற்ஸ். கலியாண வீட்டுத் தையலுக்கு ஒவ்வொரு சட்டையாகத் தைக்கத் தைக்கச் சூடாக்கினது. இனிமேல் கிழமைக்கு இரண்டு தரம், எல்லாம் ஒன்றாக.

மார்ச் 15, சனி

நாடு முழுக்க ஐந்து நிமிசம் குரங்கு எண்ணின நாள். காலை 8 மணியிலிருந்து 8.05 வரை அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மந்தி, மர அணில், மயிலை எண்ணி எழுதிக் கொடுக்கவேணும். சின்னவன் பேனையோடு ஏழரைக்கே முற்றத்தில். குரங்கு 9, மயில் 2. அந்த ஐந்து நிமிசத்துக்குள்ளேயே எங்கள் தென்னையில் மூன்று இளசைக் கடித்து விழுத்திவிட்டுதுகள். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. நான் என் கொப்பியில் எழுதினேன்: செலவு, தேங்காய் 3, குரங்கு.

மார்ச் 23, ஞாயிறு

பங்கு ஆடு. எட்டு வீடு சேர்ந்து ஒரு கிடாய். முள்ளு, ஈரல், கொழுப்பு எல்லாம் சரிசமனாகக் கூறு போட்டு, ஒருவர் மற்றப் பக்கம் திரும்பி நின்று "இது ஆருக்கு?" என்றால் பெயர் சொல்லவேணும். சண்டைக்கு இடமில்லை. கடை இறைச்சியை விட மலிவு, மாதத்தில் ஒரு நாள் எல்லா வீட்டுக் குசினியிலும் ஒரே வாசம். மூத்தவள் எலும்புச் சாறுக்காகப் படிப்பை விட்டு எழும்பி வந்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

57.

பில்லைச் சுவரில் கலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன். இவர் "படம் போட்டு மாட்டு" என்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருசம் பிறந்தது. கோயில் மருத்துநீர் வைத்து முழுகி, எல்லாருக்கும் உடுப்பு நானே தைத்தது, துணிக்காசு மட்டும். கைவிசேடம் மாமி கையால் வாங்கினோம். வெற்றிலைக்குள் கொஞ்ச நெல்லு, ஒரு நாணயம், ஐந்நூறு ரூபாய்த் தாள். எனக்குத் தரும்போது, "உன்ர கொப்பியில இதை எந்தப் பக்கம் எழுதுவாய்?" என்று கேட்டா.

"வரவில, மாமி."

"எழுது, எழுது" என்றா. படியில் இறங்கப்போனவ திரும்பி, "நாளைக்குக் கடை திறந்தால் அதில இரண்டு சன்லைட் வாங்கி வா. உன்ர கணக்குப்படி பெட்டியில இரண்டு குறையுது."