ஸ்ட்ரோம்போலியில் ஆறு நாள்

நவம்பர் 14, செவ்வாய்

எரிமலை பார்க்க ஸ்ட்ரோம்போலித் தீவுக்கு. இத்தாலியில், சிசிலிக் கரையிலுள்ள மிலாசோவிலிருந்து காலைப் படகு. இங்கே 'அலிஸ்காஃபோ' என்பார்கள், தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் வேகப்படகு. வழியில் வுல்கானோ தீவில் நின்றபோது கந்தக வாடை உள்ளேயே வந்துவிட்டது, ரூம்மேட் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். அடுத்து லிபாரி, அங்கே பாதிப் படகு காலி. சலீனா, பனாரேயா எல்லாம் தாண்டி ஸ்ட்ரோம்போலியில் இறங்கியது ஒன்பதே பேர், அதில் நாலு பேர் நாங்கள். கத்தானியாவில் வேலை பார்க்கும் நான், ம்யூனிக்கிலிருந்து வந்த காலேஜ் ரூம்மேட், நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன், அப்புறம் பலெர்மோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்து அக்கா. அக்காவுக்குச் சிசிலியப் பேச்சு தண்ணிபட்ட பாடு. அவர் இல்லாவிட்டால் இந்தப் பயணமே இல்லை.

துறையில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்தது ஓர் ஆப்பே. நம்மூர் ஷேர் ஆட்டோவேதான், பின்னால் சீட்டுக்குப் பதில் தொட்டி. இத்தாலிய மொழியில் ஆப்பே என்றால் தேனீயாம், இத்தனை வருஷம் தெரியாமலே ஏறி இறங்கியிருக்கிறேன். தீவில் தெரு என்பதே இரண்டு பேர் கைகோத்துப் போகும் அகலம், கார் வந்தால் சுவரோடு சிக்கிக்கொள்ளும். வீட்டு வாடகை, ஆகஸ்டில் ஒரு ராத்திரிக்குக் கேட்கும் காசில் நாலு ராத்திரி. காரணம் சாயங்காலம்தான் புரிந்தது. ஐந்து மணிக்கு முன்பே இருட்டு, ஊரில் தெருவிளக்கு கிடையாது, திறந்திருக்கும் கடை ஒன்றே ஒன்று.

நவம்பர் 15, புதன்

மலை தெரியவில்லை. 924 மீட்டர் மலை, கடலுக்கு அடியில் இன்னும் சுமார் 2,000 மீட்டர் இருக்கிறதாம், ஆனால் மேகம் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. சத்தம் மட்டும் வருகிறது. கோயில் திருவிழாவில் அடுத்த ஊரில் அதிர்வேட்டு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குப் பிறகு ஜன்னல் கண்ணாடி லேசாக ஒரு 'ர்ர்'. முதல் வேட்டுக்கு நாலு பேரும் வாசலுக்கு ஓடினோம். பத்தாவது வேட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஊர்க்காரர்கள் எரிமலையை எரிமலை என்று சொல்வதில்லை, 'இட்டு' என்கிறார்கள். சிசிலியப் பேச்சில் 'அவர்' என்று அர்த்தம். "எங்கட அம்மம்மா அப்புவின்ட பேரைச் சொல்லாம 'அவர்' எண்டு சொல்லுவா, அதேதான்" என்றார் அக்கா. எதிர்வீட்டுப் பாட்டி படிக்கட்டில் விழுந்திருந்த கறுப்புப் பொடியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே, நேற்று ராத்திரி அவருக்கு இருமல் ஜாஸ்தி என்கிற தொனியில் ஏதோ சொன்னார். எங்கள் கொடியில் கிடந்த துண்டிலும் அந்தப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் சாம்பல் மாதிரி மிருதுவாக இல்லை, உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருக்கிறது, ஒன்றிரண்டு துகள் கண்ணாடியாக மினுங்குகிறது.

மத்தியானம் ஊரைச் சுற்றினோம். 1949-இல் இயக்குநர் ரோசெல்லினியும் நடிகை இங்க்ரிட் பெர்க்மனும் படப்பிடிப்புக்கு வந்து தங்கிய சிவப்பு வீடு, வெளியே ஒரு கல்வெட்டு, கதவு பூட்டு. பூனைகள் நிறைய. ராத்திரி எலுமிச்சை ரசம்.

நவம்பர் 16, வியாழன்

இன்று பார்த்துவிட்டோம்!

2019-க்கு முன்னால் வழிகாட்டியோடு உச்சிக்கே போகலாமாம். அந்த வருஷம் ஜூலை 3-ஆம் தேதி பெரிதாக வெடித்து, மலையேறப் போன ஒருவர் இறந்துபோனார், அதோடு உச்சி மூடியாயிற்று. நாங்கள் போனபோது வழிகாட்டி இருந்தால் 400 மீட்டர் வரை விட்டார்கள், இல்லாவிட்டால் 290. வழிகாட்டி அலுவலகக் கதவில் சீசன் முடிந்தது என்ற அட்டை தொங்கியதால் எங்களுக்கு 290. நாணல் புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை, நாகைக்காரனுக்கு மூச்சு வாங்கியது, ஒத்துக்கொள்ளவில்லை.

மேலே போய் உட்கார்ந்தால் எதிரே சியாரா தெல் ஃபுவோகோ. மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து கடலுக்குள் இறங்குகிறது, புல் பூண்டு எதுவும் இல்லை, கன்னங்கரேல். ஒரு மணி நேரம் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரூம்மேட் "போகலாம்டா" என்று எழுந்த நேரத்தில் மேகம் விலகியது. முதலில் ஒளி, சிவப்புப் பொறி கொத்தாக மேலே போய் விரிந்து சாவகாசமாக விழுந்தது, அதற்கப்புறம்தான் சத்தம். விழுந்த கற்களில் சில நெருப்புத் துண்டாகவே சரிவில் உருண்டு வந்தன, தட் தட் என்று அவை மோதுவதுகூடக் கேட்டது. நாற்பது நிமிஷத்தில் மூன்று தடவை.

கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு இது விளங்கும். அடியிலிருந்து ஆவி குமிழாகத் திரண்டு மேலே வந்து 'பொளக்' என்று உடைந்து கையில் தெறிக்குமே, அதேதான். எரிமலைக் குழம்புக்குள் வாயு சேர்ந்து சேர்ந்து பெரிய குமிழாகி மலையின் வாயில் வந்து வெடிக்கிறது. உலகத்தில் எங்கே இப்படி வெடித்தாலும் இந்தத் தீவின் பெயரைத்தான் வைக்கிறார்கள், 'ஸ்ட்ரோம்போலிய' வெடிப்பு என்று.

இறங்கும்போது டார்ச் வெளிச்சத்தில் ஒரு பலகை, சுனாமி வந்தால் ஓட வேண்டிய பாதை. நாகைக்காரன் அங்கேயே நின்றுவிட்டான். 2002 டிசம்பர் 30-ஆம் தேதி நாங்கள் பார்த்த அதே சரிவு இடிந்து கடலில் விழுந்து, எழும்பிய அலை ஊருக்குள் புகுந்தது, குளிர்காலம் என்பதால் கரையில் ஆளில்லை, உயிர்ச்சேதம் இல்லை. அதை அக்கா சொல்லி முடித்ததும் அவன் விரலை மடக்கினான். "ரெண்டு வருஷத்துக்கு நாலு நாள் கம்மி" என்றான். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

சிரோக்கோ. ஆப்பிரிக்காப் பக்கமிருந்து அடிக்கும் வெதுவெதுப்பான காற்று, வாயெல்லாம் மணல். படகு ரத்து.

கடையில் பால் தீர்ந்தது, முட்டை ஆறுதான் பாக்கி. கடைக்காரம்மா மலைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கவில்லை, பார்த்ததெல்லாம் கடலைத்தான், மாற்றி மாற்றி போனையும். அவர் தலைக்கு மேலே 'அவர்' இருமிக்கொண்டிருக்கிறார், இந்தம்மாவுக்கு லிபாரியில் நிற்கும் ரொட்டி கவலை! குடிதண்ணீர்கூடக் கப்பலில்தான் வருகிறதாம். ஐரோப்பாவுக்கு எரிமலை பார்க்க வருகிறவர்கள் நெருப்பைப் பற்றியே விசாரிக்கிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நெருப்பு வீட்டுப் பெரியவர் மாதிரி, முனகினாலும் பழகிப்போச்சு. பகைத்துக்கொள்ளக் கூடாதது கடல்.

நவம்பர் 18, சனி

படகு இல்லை. ரூம்மேட்டின் விமானம் போச்சு, காசும் போச்சு. காலையிலிருந்து அவனோடு யாரும் பேச முடியவில்லை. சீட்டுக்கட்டு. கடைசி முட்டைகளைப் போட்டுக் குழம்பு வைத்தார் அக்கா, தேங்காய் இல்லாமலே நன்றாக இருந்தது. வீட்டுக்காரர் கூடுதல் ராத்திரிக்கு வாடகை வாங்க மாட்டேன் என்று சொல்லி, உப்பில் போட்ட கேப்பர் மொட்டு ஒரு பொட்டலம் வேறு கொடுத்தார்.

நவம்பர் 19, ஞாயிறு

விடியற்காலையில் எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி "வருது" என்றார். துறைக்குப் போனால் ஊரே அங்கே. பயணிகளை இறக்குவதற்கு முன்னால் ரொட்டி மூட்டையும் மருந்துப் பெட்டியும் இறங்கின. கடைக்காரம்மா மூட்டையைப் பிரித்து அங்கேயே ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் நின்ற பையனுக்குக் கொடுத்தார். பின்னால் ஒரு வேட்டு, பெரிசு. பையன் மென்றுகொண்டிருந்தான்.

கேப்பர் பொட்டலத்தை வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தது மிலாசோவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எடுத்து வைக்கும் வேலை ரூம்மேட்டுடையது, அவனோ தன்னிடம் யாரும் சொல்லவே இல்லை என்கிறான்.