ஈரத்துணி காட்டிக்கொடுத்தது

ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய பலகை, இரண்டு நாள் தாடி முளைத்த கன்னம்போல் சொரசொரத்தது.

உப்புத்தாள் மரத்தை வழவழப்பாக்குகிறது என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது கீறுகிறது. 80ஆம் எண் தாள் ஆழமாகக் கீறும். 120 அந்தக் கீறல்களை அழித்துவிட்டுத் தன் சிறிய கீறல்களைப் போடும். பிறகு 180, 220. கீறல்கள் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அளவு சிறுத்துவிட்டால், அதைத்தான் வழவழப்பு என்கிறோம்.

அவசரப்பட்டு 80இலிருந்து நேராக 220க்குத் தாவினால் கை ஏமாந்துவிடும். சாயம் ஏமாறாது. பள்ளத்தில் இறங்கி, விட்டுப்போன கீறல்களைக் கருங்கோடுகளாக எழுதிக் காட்டும். மரத்தின் நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கே தேய்த்திருந்தால் இன்னும் மோசம்.

இன்று எழுந்து நின்றவை, தேய்த்தபோது நசுங்கிப் படுத்திருந்த நார்கள். தண்ணீர் பட்டதும் உப்பி நிமிர்ந்துவிட்டன. விளக்கைப் பலகையின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். ஒவ்வொரு நாருக்கும் ஒரு குட்டி நிழல்!

எனக்கு வருத்தமே வரவில்லை. வெட்டி எத்தனையோ காலமான மரம், ஒரு கை ஈரத்துக்கு இப்படி அசைகிறதே என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, நீர் கலந்த வார்னிஷைப் பூசிய பிறகு இது நடக்கவில்லை.

நன்றாகக் காயட்டும். நாளை புதிய 220 தாளால், ரேகையோடு லேசாக ஓர் ஓட்டம். அழுத்தக் கூடாது. அழுத்தினால் நார்கள் மறுபடியும் படுத்துக்கொள்ளும்.