மைக்கின் மறுபக்கத்தில் ஒரு சிறுவன்

சென்ற சனிக்கிழமை இரவு மும்பை செம்பூரில் என் வீட்டிலிருந்து நண்பர்கள் இருவருடன் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஸ்குவாட், அதாவது நால்வர் அணியாக, ஆடிக்கொண்டிருந்தபோது, நான்காவது இடத்துக்கு முன்பின் தெரியாத ஒருவன் வந்து சேர்ந்தான். இன்னும் உடையாத குரல். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அவன் மைக்கில் குக்கர் விசில் கேட்டது. "டேய், தோசை ஆறுது, வாடா" என்று ஒரு தாய் அழைத்ததும் கேட்டது.

பையன் நன்றாகவே ஆடினான். நான் அடிபட்டு விழுந்தபோது, "அண்ணா, அசையாதீங்க, நான் வரேன்" என்று புகைக்குண்டு வீசி மறைத்து, ஊர்ந்து வந்து என்னை ரிவைவ் செய்து மறுபடி ஆட்டத்துக்குள் எழுப்பினான். ஆனால் ஆடுகளம் சுருங்கிச் சுருங்கி வரும் கடைசி வட்டத்தில் அவன் எறிந்த கிரனேடு எங்கள் பக்கமே வெடித்து, ஆட்டம் கைநழுவிப் போயிற்று. உடனே என் நண்பர்களில் ஒருவர், முப்பதைக் கடந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அந்தப் பையனின் தாயை இழுத்து இந்தியில் சொன்ன சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. பையன் பதில் பேசாமல் மைக்கை அணைத்துவிட்டான். நான் அப்போதே கண்டிக்காதது இன்னும் உறுத்துகிறது.

"சின்னப் பசங்களை உள்ளேயே விடக்கூடாது" என்று நண்பர் பிறகு வாதிட்டார். பலரும் வயது வரம்பை இப்படித்தான், சிறுவர்களின் தொல்லையிலிருந்து பெரியவர்களைக் காக்கும் வேலி என்றே எண்ணுகிறார்கள். அது அதற்காக வந்ததன்று. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம், 13 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணையத்தளங்கள் திரட்டுவதைத் தடுத்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையுமே குழந்தைகள் என்கிறது. இரண்டுமே காக்க நினைப்பது குழந்தையைத்தான். பிறந்த ஆண்டு கேட்கும் கட்டத்தில் எந்தச் சிறுவனும் 1990 என்று போட்டுவிட்டு நுழையலாம் என்பது வேறு குறை.

அதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் அமெரிக்க அமைப்பான ஈஎஸ்ஆர்பி, இணையத்தில் ஆடுவோர் தமக்குள் பேசிக்கொள்வதைத் தான் மதிப்பிடவில்லை என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறது. ரத்தத்துக்கும் துப்பாக்கிக்கும் தரம் உண்டு. மைக்கில் வரும் வசவுக்கு இல்லை. அன்று அந்தப் பையனைத் தைத்தது திரையில் பாய்ந்த குண்டன்று, என் நண்பரின் வாய். அதை எந்தப் பிறந்த தேதியும் தடுத்திருக்காது. மைக்கை அணைத்து வைப்பதும், புகார் அளிப்பதும், கூட ஆடுபவரை அங்கேயே நிறுத்தச் சொல்வதும் எங்களைப் போன்ற பெரியவர்களின் வேலை.

நேற்று அவன் மறுபடி ஆன்லைனில் தெரிந்தான். அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "பரவாயில்லண்ணா, எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க" என்று பதில் வந்தது.