கைப்பேசியில் என்பிடெல் பாடம்: எல்லையோர மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்கு வரும் நம் மாணவர்களிடம் கைப்பேசிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஐஐடி போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் இணையவழி நடத்தும் என்பிடெல் (NPTEL) பாடத்தில் ஆர்வத்தோடு சேர்ந்த என் வகுப்புத் தோழர்கள் பலர் பாதியிலேயே நின்றுவிட்டனர். கைப்பேசிவழிக் கற்றலுக்கான ஆயத்தத்தை ஆராய்வோர், கருவியைக் கையாளும் தன்னம்பிக்கை, அதனால் பயன் உண்டென்ற எண்ணம், தானே திட்டமிட்டுப் படிக்கும் திறன் ஆகியவற்றை அளப்பதுண்டு. முதல் இரண்டும் நம்மிடம் தாராளமாகவே உள்ளன; இடறுவது மூன்றாவதில்தான்.

நான் படித்த 12 வாரப் பாடத்தில் வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரியையே எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். எட்டுப் போதும் என்பதால் தொடக்க வாரங்களைக் கோட்டை விடுவோர் உண்டு. விட்ட பாடம் தேர்வில் வராமல் இருக்காது என்பதால் இது வீண் கணக்கு. ஒப்படைப்புக்கான கெடு முடியும் இரவு 11.59 வரை காத்திருக்காமல், ஒளிப்பாடத்தையும் அதன் எழுத்துவடிவத்தையும் கல்லூரி வைஃபையில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். எல்லைப் பகுதியில் சிக்னலை நம்பி உட்கார்ந்தால் காரியம் நடக்காது.

வகுப்பில் மலையாளம், திரையில் ஆங்கிலம், மனத்தில் தமிழ் என்ற நம் நிலைமைக்குத் தனிப் பயிற்சி தேவை. நான் நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலக் கலைச்சொல்லையும், எதிரே அதன் விளக்கத்தைத் தமிழிலும், ஓரத்தில் அது காணொளியில் வரும் நிமிடத்தையும் குறித்துவைத்தேன். கேட்கும்போது புரிந்ததுபோல் தோன்றியவை பல, தமிழில் இரண்டு வரி எழுத முயன்றபோது பிடிபடவில்லை. அந்த நிமிடத்துக்குத் திரும்பிச் சென்று கேட்பதே உண்மையான படிப்பாக அமைந்தது. தமிழாக்கம் கிடைக்கும் பாடங்களில் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தால், ஆங்கிலச் சொல்லையும் மறவாதிருப்பது நல்லது.

பாடம் கைப்பேசியில் என்றாலும் தேர்வு மையத்தில் கணினியில்தான். ஆகவே மவுஸ் பிடித்துப் பழகாதவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஓரிரு முறை உட்கார்ந்து பார்க்கட்டும். பதிவின்போது தேர்வு நகரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் செல்வது சிலருக்கு எளிதாக இருக்கும். காலைத் தேர்வு 9 மணிக்கு என்றால், முதல் பேருந்தின் நேரத்தை விசாரித்த பிறகே நகரத்தை முடிவு செய்யுங்கள்.