மூணு ஸ்பேனரும் ஒரு பக்கெட் சோடாத் தண்ணியும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறதுன்னா காலைல ஏழு மணிக்குள்ள போயிடணும், லேட்டா போனா வெயிலும் ஏறிடும் நல்ல சாமானும் போயிடும், மிச்சம் இருக்கறது உடைஞ்ச மிக்ஸியும் பேட்டரி மூடி இல்லாத ரிமோட்டும் தான். நான் போறது பழைய மெக்கானிக் டூல்ஸுக்கு. தார்ப்பாய் விரிச்சு குவியலா கொட்டி வச்சிருப்பாங்க, அதுல பாதி நேத்து செஞ்ச மட்டமான இரும்பு, கால்வாசி வாய் விரிஞ்சது, மீதில தான் நமக்கு வேலை. குத்த வச்சு உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து துருவுக்கு அடியில ஏதாவது எழுத்து இருக்கான்னு கட்டை விரலால தேச்சு பாக்கறது எனக்கு ஒரு சுகம், என் மனைவிக்கு அது ஒரு வியாதி.

ரெண்டு வருஷம் முன்னாடி அங்க மூணு டபுள் எண்ட் ஸ்பேனர் வாங்கினேன். மூணும் ஒரே வாகு, ஒரே பழுப்பு, ஒரே ஆள் கையில இருந்து வந்ததுன்னு பாத்தாலே தெரியும். "தம்பி, மூணும் சேர்த்து இருநூறு குடு"ன்னாரு கடைக்காரர், "அண்ணே, துருவுக்கும் சேர்த்தா எடை போடறீங்க"ன்னு கேட்டு நூத்தி எண்பதுக்கு முடிஞ்சுது. அந்த மூணுல ஒண்ண நான் பாழாக்கின கதை தான் இது.

மொதல்ல அந்த ஸ்பேனர் என்னன்னே எனக்குப் புரியல. ஒரு முனைல 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ். அப்டின்னு அடிச்சிருந்துச்சு. கால் இஞ்சுன்னா 6.35 மில்லிமீட்டர், ஆனா வாயை அளந்தா 13 மில்லிமீட்டருக்கு மேல இருக்கு. எவனோ தப்பா அடிச்சுட்டான், அதான் சந்தைக்கு வந்திருக்குன்னு நெனச்சேன். தெரு முனைல புல்லட் மட்டுமே பாக்கற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட காட்டினா ஒரு சிரிப்பு சிரிச்சாரு. "தம்பி, அது வாய் சைஸ் இல்ல, போல்ட்டோட சைஸு"ன்னாரு.

அங்க இருந்து தான் பைத்தியம் பிடிச்சுது. ஜோசஃப் விட்வொர்த்னு ஒரு இங்கிலீஷ்காரர், ஸ்பேனர்ல இருந்த டபிள்யூ அவர் பேர் தான், லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேன்ற பெரிய மிஷின் ஆசாமி பட்டறைல வேலை பாத்தவர். அப்போ ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை, அதான் போல்ட்ட சுத்தி வர்ற வரி, வெட்டிட்டு இருந்துச்சு, இந்த பட்டறை நட்டு அந்த பட்டறை போல்ட்டுல ஏறாது. 1841ல விட்வொர்த் எல்லாத்துக்கும் ஒரே கணக்கு வைக்கலாம்னு சொன்னாரு, மரையோட கோணம் 55 டிகிரி, இந்த தடிமன் போல்ட்டுக்கு இஞ்சுக்கு இத்தனை மரைன்னு ஒரு பட்டியல். பின்னாடி ஸ்பேனர் செஞ்சவங்க அந்த போல்ட் தடிமனையே ஸ்பேனர் மேலயும் அடிச்சுட்டாங்க. கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட்டோட தலை 0.525 இஞ்ச், அதாவது 13.3 மில்லிமீட்டர். நம்ம 13 ஸ்பேனர் உள்ள போகாது, 14 போட்டா ஆடும், ஆடற ஸ்பேனர வச்சு கொஞ்சம் அழுத்தினா நட்டு முனையெல்லாம் உருண்டு போயிடும், அப்புறம் உளி வச்சு தான் கழட்டணும். பழைய புல்லட் வச்சிருக்கறவங்க பாதி பேரோட வண்டில நட்டு உருண்டு கெடக்கறதுக்கு இது தான் காரணம், வண்டி மேல தப்பில்ல.

5/16 பி.எஸ்.ன்றது அதே வாய்க்கு இன்னொரு பேர். விட்வொர்த் மரை கொஞ்சம் கரடு, மோட்டார் வண்டிக்கு நெருக்கமான மரை வேணும்னு 1908ல பி.எஸ்.எஃப்.னு (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) ஒண்ணு வந்துச்சு, ஸ்பேனர்ல அதத் தான் பி.எஸ்.னு சுருக்கி அடிச்சிருக்காங்க, அதுல அதே போல்ட்டுக்கு தலை ஒரு சைஸ் சின்னது. அதனால ஒரே வாய், ரெண்டு பேர். போதாக்குறைக்கு ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இரும்ப மிச்சம் பிடிக்க விட்வொர்த் போல்ட் தலையையும் ஒரு சைஸ் குறைச்சுட்டாங்க, ஆக அந்த காலத்து ஸ்பேனர்ல எழுதியிருக்கறத நம்பி எந்த போல்ட்டுக்கும் போகக் கூடாது, வெர்னியர் வச்சு அளந்துட்டு தான் போகணும். அமெரிக்காக்காரன் வாயை அளந்து அந்த நம்பரையே அடிச்சான், மில்லிமீட்டர் ஸ்பேனரும் அப்டித்தான், அது தான் அறிவு.

நம்ம ஊர்ல இதெல்லாம் ஏன் இவ்ளோ கெடைக்குதுன்னா, 1955ல திருவொற்றியூர் பக்கம் புல்லட் செய்ய ஆரம்பிச்சப்போ டிசைன் அப்டியே இங்கிலாந்து ரெட்டிட்ச்ல இருந்து வந்தது, மரையும் அந்த ஊர் மரை. ரயில்வே, மில்லு, பஸ் டிப்போ எல்லாத்துலயும் இங்கிலீஷ் மிஷின் தான். அடுத்த வருஷமே, 1956ல, மெட்ரிக் சட்டம் வந்துடுச்சு, 1957ல நயா பைசா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா படியும் இஞ்சும் எல்லாமே மாறிச்சு. மிஷின் மாற மாற அந்த ஸ்பேனர்லாம் டப்பாக்கு அடியில போயி, தாத்தா போனதும் காயலான் கடைக்குப் போயி, அங்க கிலோ கணக்குல உருகப் போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் ரெண்ட எடுத்து சந்தைக்கு கொண்டு வராரு. எங்கிட்ட பெரிய அம்புக்குறி அடிச்ச ஸ்பேனர் ஒண்ணு இருக்கு, அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துன்றதுக்கு அடையாளம், எந்த டிப்போல இருந்து யார் லுங்கில மறைஞ்சு வெளிய வந்துச்சோ தெரியாது.

சரி, பாழாக்கின கதைக்கு வரேன்.

மூணுல மொத ஸ்பேனர எடுத்தேன். அப்போ மொபைல்ல நிறைய வீடியோ பாத்துட்டு இருந்த நேரம், துருப்பிடிச்ச சாமான எடுத்து கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆக்கி காட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. கிரைண்டர்ல ஃப்ளாப் வீல் மாட்டி ஒரே ஓட்டு, அப்புறம் உப்புத்தாள் 120, 220, 400, 800ன்னு வரிசையா, கடைசில பஃப் போட்டு மெருகு. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா போச்சு. முகம் தெரிஞ்சுது அதுல, நெசமா. ஃபோட்டோ போட்டேன், நூத்துக்கு மேல லைக். நம்பர் லேசா தேஞ்சு போயிருந்துச்சு, அதப் பத்தி யாரும் கேக்கல நானும் சொல்லல.

பத்து நாள்ல அதுல திரும்ப துரு. எங்க வீடு திருவான்மியூர், கடல் காத்து வேற. அந்த பழுப்புத் தோல் எத்தனையோ வருஷமா எண்ணெயும் கையழுக்கும் சேர்ந்து படிஞ்சது, அது தான் அந்த இரும்புக்கு சட்டை, நான் சட்டைய உரிச்சுட்டு மழைல நிக்க வச்சுட்டேன்.

ரெண்டாவது ஸ்பேனருக்கு கிரைண்டர தொடல. அம்மா பித்தளை குத்துவிளக்கு தேய்க்கற பழைய புளிய கரைச்சு ஊற வச்சேன், புளில இருக்கற அமிலம் துருவ தின்னும், ஆனா மெதுவா தின்னும், ரெண்டு நாள் ஆச்சு, மேல கறுப்பா ஒரு மாதிரி படிஞ்சுது, பாத்ரூம் பூரா ரசம் கெட்டுப் போன வாசனை. வினிகரும் அப்டித்தான், வேலை செய்யும், ஆனா மறந்து நாலு நாள் விட்டா நல்ல இரும்பையும் அரிச்சு புள்ளி புள்ளியா ஆக்கிடும், எடுத்ததும் சமையல் சோடா தண்ணில முக்கி எடுக்கலேன்னா மறுபடி துரு.

அப்புறம் தான் கரண்ட் முறை. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் வேற எதுக்கும் போறதில்ல. பிளாஸ்டிக் பக்கெட், தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் வாஷிங் சோடா, ஒரு பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கறுப்பு கிளிப்ப, அதாவது நெகடிவ்வ, ஸ்பேனர்ல மாட்டணும், சிவப்ப ஒரு வேண்டாத இரும்புத் துண்டுல, ரெண்டும் தண்ணிக்குள்ள ஒண்ணுக்கொண்ணு தொடக் கூடாது. மாத்தி மாட்டினா ஸ்பேனர் கரைய ஆரம்பிக்கும், சொல்லிட்டேன். ஆன் பண்ணதும் ஸ்பேனர்ல இருந்து பொடிப் பொடியா குமிழி கெளம்பும், அது ஹைட்ரஜன், அதனால மூடின ரூம்ல வேண்டாம், மொட்டை மாடில வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, தண்ணில கை விடறதுக்கு முன்னாடி ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க. எவர்சில்வர் ஸ்பூன் கரண்டிய அந்த வேண்டாத இரும்புக்கு பதிலா போடவே போடாதீங்க, அதுல இருக்கற குரோமியம் தண்ணில விஷமா எறங்கும். குரோம் பூசின டூலுக்கும் இது ஆகாது, அடியில துரு இருந்தா பூச்சு ஏடு ஏடா உரிஞ்சு வரும். ராத்திரி பூரா விட்டு காலைல எடுத்தா சிவப்புத் துரு எல்லாம் கறுப்புச் சேறா மாறியிருக்கும், நார் பிரஷ் வச்சு தேச்சாலே வந்துடும், இரும்பு அப்டியே இருக்கும், பழுப்பும் முழுசா போகாது. கழுவின ஒடனே அடுப்பு பக்கத்துல வச்சு நல்லா காய வச்சு தையல் மிஷின் எண்ணெய் தடவணும். நல்லெண்ணெய் தடவிப் பாத்தேன், ஒரு மாசத்துல பிசின் மாதிரி ஆயிடுச்சு.

அப்டி எடுத்த ரெண்டாவது ஸ்பேனர் தண்டுல, இங்கிலீஷ் எழுத்துக்கு அந்தப் பக்கம், சின்னச் சின்ன புள்ளியா ஏதோ தெரிஞ்சுது. மொதல்ல துரு தின்ன குழின்னு நெனச்சேன். டார்ச்ச சாச்சு அடிச்சு பாத்தா, "மு".

செண்டர் பஞ்ச்ச, அதாவது இரும்புல புள்ளி குத்தற கூர் முனைக் கம்பிய, வச்சு புள்ளி புள்ளியா தட்டியிருக்காரு யாரோ. பொறுமையா, சுழி கூட சரியா வந்திருக்கு. முருகேசனோ முத்துவோ முனியாண்டியோ, ஒரு பட்டறைல நாலு பேர் வேலை பாத்த எடத்துல தன் ஸ்பேனர் இன்னொருத்தர் டப்பாக்கு போயிடக் கூடாதுன்னு தட்டின எழுத்து. இப்பவும் ஷெட்டுல இது உண்டு, ஆனா பஞ்ச் இல்ல, ஆளுக்கு ஒரு கலர் பெயிண்ட் கோடு. மூணாவத அவசரமா பக்கெட்ல போட்டேன், அதுலயும் "மு", அதே எடம்.

அப்போ மொத ஸ்பேனர்ல?

எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்தேன். சுத்தமா இல்ல. அந்த எடத்துல தான் நான் ரொம்ப அழுத்தி ஓட்டியிருக்கேன், "நெறைய குழி இருக்கு, இத எடுத்தா தான் ஃபினிஷ் வரும்"னு நெனச்சது ஞாபகம் இருக்கு. ஃபினிஷ் வந்துச்சு.

அதுலேர்ந்து எதையும் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சாக்பீஸ் தேச்சு எழுத்து பாத்துடறேன். ஸ்க்ரூ ஸ்பேனர் மாதிரி அசையற டூலுக்கு துருவே பிரச்சினை இல்ல, அந்த திருகு உருளை எறுகிப் போறது தான். அந்த டிசைன் சுவீடன்ல யோஹன் பீட்டர் யோஹான்சன்னு ஒருத்தர் 1892ல பேட்டண்ட் வாங்கினது, நூத்தி முப்பது வருஷத்துக்கு அப்புறமும் அதே உருளை அதே சாய்வு, பெருசா மாத்த ஒண்ணும் இல்ல. டீசல்ல ஒரு வாரம் ஊற வச்சு, கேஸ் அடுப்புல லேசா சூடு காட்டி (அம்மா இல்லாத நேரம்), மெதுவா தட்டினா விட்டுக்குடுக்கும். உள்ள ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும், பின்ன கழட்டும்போது மேல துணி போட்டுக்கோங்க, என்னோடது தெறிச்சு பக்கத்து வீட்டு மாடிக்கு போயிடுச்சு.

சூடுன்னதும் இன்னொண்ணு. திருப்புளி முனை, உளி முனை இதையெல்லாம் கிரைண்டர்ல காட்டும்போது நீலம் பாஞ்சுதுன்னா அந்த முனையோட உறுதி போச்சுன்னு அர்த்தம், கிட்டத்தட்ட 300 டிகிரி ஏறியிருக்கும், அப்புறம் அது களிமண். ஒரு அருமையான மரப்பிடி திருப்புளிய அப்டி கெடுத்திருக்கேன். ரெண்டு நொடிக்கு ஒருக்கா தண்ணில முக்கணும். உளித் தலை அடி வாங்கி வாங்கி பூ மாதிரி விரிஞ்சிருந்தா மட்டும் அத தாராளமா தேச்சு எடுத்துடுங்க, அடிக்கும்போது அந்த இதழ் தெறிச்சு கண்ணுல பட்டா அவ்ளோ தான். மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் போடறவங்க தொடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, அது தானாவே சூடாகி பத்திக்கும், விரிச்சு காயப் போடணும்.

இப்போ எங்கிட்ட நாப்பதுக்கு மேல இருக்கு. கிங் டிக்னு பர்மிங்காம் ஸ்பேனர், நாய் படம் போட்ட கம்பெனி, ரெண்டு. ஜெடோர் ஒரு ஏழெட்டு, அந்தப் பேர் ஜெர்மனில ரெம்ஷைட்ன்ற ஊர் டோவிடாட் சகோதரர்கள் 1919ல ஆரம்பிச்சதோட சுருக்கம், நம்ம நாட்டுலயும் அந்தப் பேர்ல செஞ்சாங்க, அந்த இந்தியா ஜெடோர் ரிங் ஸ்பேனர எடுத்தா கைல நிக்கற கனமே தனி. விலைக்கு விக்கறதுக்கு எதையும் வாங்கல. ஷோகேஸ்ல வைக்கறதும் எனக்கு பிடிக்கல, ஸ்பேனர்னா நட்டு கழட்டணும்.

அதனால போன மாசம் புல்லட் அண்ணன் ஷெட்டுக்கு மூணையும் எடுத்துட்டு போனேன். 1960கள் வண்டி ஒண்ணு பிரிச்சு போட்டிருந்தாரு, 14 ஸ்பேனர் வாய்க்குள்ள பிளேடு துண்டு சொருகி வச்சு கழட்டிட்டு இருந்தாரு, பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. இத போடுங்கண்ணேன்னு அந்த பளபளா ஸ்பேனர குடுத்தேன். வாங்கி ஒரு தடவ கைல உருட்டினாரு, கையெல்லாம் கிரீஸு, வழுக்குது. "இது மாப்பிள்ளை மாதிரி இருக்கு, வேலைக்கு ஆவாது"ன்னு கீழ வச்சுட்டு ரெண்டாவத எடுத்தாரு. நட்டுல அப்டியே உக்காந்துச்சு, டொக்குன்னு ஒரு சத்தம். நாலு நட்டு நாலு நிமிஷம். திருப்பி பாத்து "யாருப்பா இந்த மு"ன்னு கேட்டாரு, தெரியலண்ணேன்னேன்.

"நாளைக்கு தரேன் தம்பி, இந்த வண்டி மட்டும் முடிச்சுக்கறேன்"னாரு. மூணு வாரம் ஆச்சு. நேத்து அந்தப் பக்கமா போனப்போ அவரு டீ குடிக்கப் போயிருந்தாரு, டூல் டப்பா தெறந்து கெடந்துச்சு, எட்டி பாத்தேன். என் ஸ்பேனர் மேலாக்க தான் இருந்துச்சு, "மு"க்கு பக்கத்துல பச்சை பெயிண்ட்ல ஒரு கோடு, இன்னும் சரியா காயக் கூட இல்ல.